பேகம்பூர் வீட்டுக்கு வந்த வார்டு சிஸ்டர்

திண்டுக்கல் மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த வினோலியா, எதிரே வந்த மனிதரைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, "அடடே, பதினாலாம் நம்பரு! எப்படி இருக்கீங்க?" என்று கூப்பிட்டுவிட்டாள். குடலிறக்க ஆபரேஷனுக்காக அவள் வார்டில் பதினாலாம் கட்டிலில் படுத்திருந்தவர் அவர். அவருக்கு ஊசி போட்டிருக்கிறாள், தோள் கொடுத்து நடக்க வைத்திருக்கிறாள், ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை வாயு பிரிந்தபோது அவரோடு சேர்ந்து சந்தோஷப்பட்டிருக்கிறாள். பெயர் மட்டும் வாயில் வரவில்லை. கூட வந்த அவர் மனைவி, "யாருங்க இவங்க? அது என்ன பதினாலு?" என்று கேட்ட கேள்வியில் காரம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. மனிதர் வியர்த்துப்போய், "ஆஸ்பத்திரி நர்ஸும்மா... என் பேரு சூசைராஜுங்க சிஸ்டர்" என்று இரண்டு பேருக்கும் ஒரே மூச்சில் பதில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் கணவன் சார்லஸ் விழுந்து விழுந்து சிரித்தான். மேட்டுப்பட்டியில் நடுநிலைப் பள்ளி வாத்தியார் அவன். சிரிக்க ஒரு காரணம் கிடைத்தால் லேசில் விடமாட்டான். வினோலியாவும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் சுருக்கென்றது. ஒரு மனுஷனின் வயிற்றுத் தையல் எத்தனை என்று ஞாபகம் இருக்கிறது, அவன் பேர் ஞாபகம் இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பதினெட்டு வருஷமாக ஒரே தனியார் ஆஸ்பத்திரி, ஒரே அறுவைச் சிகிச்சை வார்டு. ஒரு கட்டில் காலியாகும் முன்பே அடுத்த ஆள் படிக்கட்டில் நிற்பான். இதில் பேரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, பிள்ளைகுட்டி விசாரித்துக்கொண்டிருந்தால் சலைன் பாட்டிலை யார் மாற்றுவது? வார்டு சிஸ்டர் ஆன பிறகு அவளுக்கு ஒரு குரலும் வந்து சேர்ந்தது. பார்வையாளர் நேரம் முடிந்ததும் வாசலில் நின்று "எல்லாரும் கிளம்புங்க!" என்று அவள் ஒரு அதட்டல் போட்டால், கொண்டுவந்த இட்லியை மூடிக்கொண்டு சொந்தபந்தம் எல்லாம் ஓடும். ஒரு தடவை நோயாளியைப் பார்க்க வந்த எம்.எல்.ஏ. ஒருவரே, அவளுக்குப் பயந்து லிஃப்டுக்கும் காத்திராமல் படி வழியாக இறங்கினார் என்று ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

முழங்கால் இரண்டும் முனக ஆரம்பித்த நேரம் பார்த்துத்தான் ஷைனி கூப்பிட்டாள். ஷைனி அவளோடு நர்ஸிங் படித்தவள். நாகல் நகரில் ஒரு செல்போன் கடைக்கு மேலே ரூம் எடுத்து, வீட்டுக்கே நர்ஸ் அனுப்பும் ஆபீஸ் ஒன்றைப் புதிதாகத் தொடங்கியிருந்தாள். "ஏண்டி, இன்னும் எம்புட்டு நாளைக்கு அந்த வராந்தாவுல நடந்துகிட்டே இருப்ப? எங்கிட்ட வா. ஒரு வீடு, ஒரு நோயாளி. நிம்மதியாப் பாக்கலாம்" என்றாள். சூசைராஜ் விவகாரம் நெஞ்சில் முள்ளாகக் கிடந்ததால் வினோலியா அதிகம் யோசிக்கவில்லை. ஒரு நோயாளி என்றால் பேராவது ஞாபகம் இருக்குமே! சார்லஸ்தான், "வீட்டுக்கு வீடு வாசப்படிம்பாங்க. உனக்கு அத்தனை வாசப்படியும் ஏறி இறங்குறதே பொழப்பாகப் போகுது, பாத்துக்க" என்றான்.

ஷைனி கொடுத்த முதல் வாசற்படி பேகம்பூரில் இருந்தது. தோல் மண்டி வைத்திருக்கும் ரஹ்மத்துல்லாவின் வீடு. சர்க்கரை நோயில் வலது காலில் ஒரு விரலை எடுத்திருந்தார்கள். விரல் போன இடம் ஆறிவிட்டது. அதற்குக் கீழே உள்ளங்காலில் ஒரு புண் மட்டும் ஆறாமல் நின்றது. தினமும் சுத்தம் செய்து கட்டு மாற்ற வேண்டும். ஆபரேஷன் செய்த டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "அடுத்த மாசம் வாங்க. புண்ணு கூடி வந்திருந்தா நல்லது. இல்லைன்னா பாதத்துல முன்பாதியை எடுக்க வேண்டி வரும்." பாதி பாதம் போனால் ரஹ்மத்துல்லாவுக்கு மண்டியில் நின்று தோல் பார்க்க முடியாது, பள்ளிவாசலுக்குத் தன் காலால் நடந்து போக முடியாது. அந்த வீட்டில் எல்லாருடைய பேச்சும் சாப்பாடும் தூக்கமும் அந்தப் புண்ணைச் சுற்றித்தான் இருந்தன.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் வினோலியா முதல் நாள் எப்படி நுழைந்தாள் என்றால், வார்டுக்குள் நுழைவது போலவே நுழைந்தாள். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னாள். தரைவிரிப்பைச் சுருட்டச் சொன்னாள். அலமாரி மேல் இருந்த அத்தர் பாட்டில்களை ஒதுக்கி, கையுறை டப்பாவை வைத்தாள். ரஹ்மத்துல்லாவைப் பார்க்க வந்திருந்த சொந்தக்காரர்களை ஹாலுக்கு விரட்டினாள். கடைசியில் தலையில் முக்காடோடு கட்டில் ஓரம் நின்ற அம்மாளைப் பார்த்து, "நீங்களும் செத்த வெளிய இருங்கம்மா, டிரெஸ்ஸிங் முடிஞ்சதும் கூப்பிடுறேன்" என்றாள். அந்த அம்மாள்தான் வீட்டுக்காரி கமர்ஜஹான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது அவர் அறை. தன் அறைக்கு வெளியே, பார்வையாளர் நேரத்துக்குக் காத்திருப்பவர் மாதிரி, அவர் சுவரோரம் நின்றார்.

கட்டு முடிந்ததும் கமர்ஜஹான் டீயும் தட்டு நிறைய பிஸ்கட்டும் கொண்டுவந்தார். "டியூட்டில எதுவும் சாப்பிட மாட்டேம்மா" என்று வினோலியா கையால் தள்ளிவிட்டாள். ஆஸ்பத்திரியில் அது ஒழுக்கம். பேகம்பூரில் அதற்குப் பேர் வேறு. கமர்ஜஹான் தட்டை எடுத்துக்கொண்டு போனார். வினோலியா வாசலில் நின்று, காலில் தண்ணீர் படக் கூடாது, ஊன்றி நடக்கக் கூடாது, கட்டை யாரும் தொடக் கூடாது என்று கட்டளைகளை அடுக்கினாள். எல்லாவற்றுக்கும் வீடு மொத்தமும், "சரிங்க சிஸ்டர்" என்றது. முதல் நாளே எல்லாரையும் கைக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்ற பெருமையோடு அவள் ஸ்கூட்டியை எடுத்தாள்.

புண் மட்டும் அவள் கைக்குள் வரவில்லை. காலையில் சுத்தம் செய்து கட்டிவிட்டுப் போனால், மறுநாள் காலையில் பழைய குருடி கதவைத் திறடி என்று அது அப்படியே இருந்தது. ஓரத் தோல் வெள்ளை வெள்ளையாக ஊறிப்போய்த் தெரிந்தது. லேசான வாடை வேறு. சர்க்கரை அளவைப் பார்த்தாள், கட்டுக்குள் இருந்தது. மருந்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் போனில் கேட்டாள். மருந்து சரிதான் என்றார். தண்ணி பட்டுச்சா என்று வீட்டில் கேட்டாள். "இல்லைங்க சிஸ்டர்" என்று ரஹ்மத்துல்லா சொன்னார். சொல்லும்போது ஃபேனைப் பார்த்துக்கொண்டார்.

நாட்கள் ஓட ஓட வினோலியாவுக்குப் பயம் வந்துவிட்டது. வார்டில் ஒரு புண் ஆறவில்லை என்றால் பார்க்க நாலு டாக்டர், கேட்க பத்து நர்ஸ். இங்கே அவளும் அந்தக் காலும் மட்டும்தான். ஒரு சாயங்காலம் சார்லஸிடம், "நமக்கு இது சரிப்படாது போல. என்னைய நம்பி ஒரு மனுசன் காலை நீட்டிகிட்டு உக்காந்திருக்காரு. கால் போயிருச்சுன்னா நான் எந்த மூஞ்சியை வச்சுகிட்டு அந்த ரோட்டுல போவேன்? பேசாம வார்டுக்கே திரும்பிப் போயிரவா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

சார்லஸ் பரீட்சைப் பேப்பரைத் திருத்திக்கொண்டிருந்தான். "அவங்க நீ சொன்னதைக் கேக்குறாங்களா?"

"எது சொன்னாலும் சரிங்க சிஸ்டர்னுதான் சொல்றாங்க."

"எங்கிளாஸுலயும் 'புரிஞ்சுதாடா'ன்னு கேட்டா அம்புட்டுப் பயலும் 'புரிஞ்சுது சார்'ம்பான். இந்தா பாரு, புரிஞ்ச லட்சணத்தை" என்று ஒரு பேப்பரைத் தூக்கிக் காட்டினான். முழுக்கச் சிவப்பு மை.

அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மறுநாள் காலை பேகம்பூரில் கட்டைப் பிரிக்க உட்கார்ந்தபோது, பிரிப்பதற்கு முன் அதை உற்றுப் பார்த்தாள். நேற்று அவள் கட்டியது போலவே இருந்தது. சொல்லப்போனால் இன்னும் நறுவிசாக இருந்தது. துணிச் சுற்று ஒன்றின் மேல் ஒன்று பிசகாமல் ஏறியிருந்தது. பிளாஸ்திரியின் நுனியைப் பார்த்ததும்தான் அவள் கை நின்றது. நர்ஸுகள் யாரும் பிளாஸ்திரியைக் கத்தரிக்கோலால் வெட்டுவதில்லை. கையாலேயே கிழிப்பார்கள், நுனி பிசிறு தட்டியிருக்கும். இந்த நுனியோ கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. யாரோ கத்தரித்திருக்கிறார்கள்.

வார்டாக இருந்தால் அந்த நிமிஷமே கட்டடம் அதிர்ந்திருக்கும். வினோலியா வாயைத் திறக்கப் போனாள், சார்லஸ் காட்டிய சிவப்பு மை ஞாபகத்துக்கு வந்தது, மூடிக்கொண்டாள். கேட்டால் என்ன பதில் வரும் என்றுதான் தெரியுமே. அவள் ஒன்றும் தெரியாதவள் போலப் புதுக் கட்டைப் போட்டாள், கையைக் கழுவினாள், ஹாலுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, இன்னைக்கு டீ சாப்பிடுறேம்மா."

கமர்ஜஹானின் முகம் பூத்துப்போனது. இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் காத்திருந்தாரோ! ஏலக்காய் தட்டிப் போட்ட டீ வந்தது. பிஸ்கட் வந்தது. முறுக்கு வந்தது. வினோலியா டீயை ஆற அமரக் குடித்தாள். ஊர்க் கதை பேசினாள். பேச்சுவாக்கில் கமர்ஜஹானின் பிறந்த ஊர் சித்தையன்கோட்டை என்று தெரிந்தது, அங்கே அவருக்கு அண்ணன் இருப்பது தெரிந்தது, மகன் அஸ்பாக் இப்போது மண்டியைப் பார்த்துக்கொள்வது தெரிந்தது. கால் புண்ணைத் தவிர இந்த வீட்டில் இத்தனை சங்கதி இருக்கிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மணி பன்னிரண்டைத் தாண்டியது. வினோலியா எழுந்திருக்கிற வழியாக இல்லை. உள்ளே ரஹ்மத்துல்லா ஒரு தடவை இருமினார். கமர்ஜஹான் கடிகாரத்தைப் பார்த்தார், வினோலியாவைப் பார்த்தார், "உங்களுக்கு வேற வீட்டுக்குப் போகணுமாம்மா?" என்று மெல்லக் கேட்டார். "இன்னைக்கு இல்லம்மா" என்றாள் வினோலியா. வந்த விருந்தாளியைக் கிளம்பு என்று சொல்லிப் பழக்கமில்லாத மனுஷி. என்ன செய்வார் பாவம், இன்னொரு தட்டில் பேரீச்சம்பழம் கொண்டுவந்து வைத்தார். உள்ளேயிருந்து இன்னொரு இருமல், இந்த முறை கொஞ்சம் கோபமாக. அடுத்து மாம்பழம் நறுக்கி வந்தது. வினோலியாவுக்கு வயிறு நிரம்பிவிட்டது. ஆனாலும் ஒரு துண்டை எடுத்து ஓரத்திலிருந்து கடிக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் லுஹர் தொழுகைக்கான பாங்கு எழுந்தது. உள்ளே வாக்கர் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. குளியலறைக் குழாய் திறந்தது. கமர்ஜஹான் அப்படியே நின்றார். வினோலியா மாம்பழத்தை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

குளியலறை முக்காலியில் ரஹ்மத்துல்லா உட்கார்ந்திருந்தார். காலையில் அவள் போட்ட கட்டு மடித்துத் துவாலை மேல் வைக்கப்பட்டிருந்தது. குழாய்த் தண்ணீர் அவர் உள்ளங்காலில் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் சுத்தம் செய்யும் ஒளுவை அவர் ஒரு குறையும் வைக்காமல் செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்ததும், பரீட்சையில் பிட்டோடு பிடிபட்ட பையன் மாதிரி விழித்தார்.

அடக்கடவுளே! ஒரு வேளையா, இரண்டு வேளையா? தினமும் ஐந்து வேளை. வினோலியாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. திரும்பினால், பின்னால் கமர்ஜஹான். அவர் கையில் ஒரு டிபன் டப்பா, அதற்குள் பஞ்சு, கட்டுத் துணி, பிளாஸ்திரி, கத்தரிக்கோல். அத்தனையும் வரிசையாக, சுத்தமாக. அவள் வெளியே நிறுத்திய நாளிலேயே கதவிடுக்கு வழியாக அவர் எல்லாவற்றையும் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டாள் வினோலியா. அதட்டலாகத்தான் தொடங்கியது, முடியும்போது அழுகை மாதிரி ஆகிவிட்டது.

"நீங்க திட்டுவீங்களேன்னுதாம்மா" என்றார் கமர்ஜஹான்.

வினோலியாவுக்கு அந்தப் பதில் வலித்தது. பதினெட்டு வருஷமாகத் தன் குரலுக்குப் பயந்து ஓடியவர்கள் எல்லாரும் எதை எதையெல்லாம் சொல்லாமல் ஓடினார்களோ என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். புடவையை மடித்துச் சொருகிக்கொண்டு குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து, அவர் காலைத் துவாலையால் ஒற்றி எடுத்தாள்.

"பாய், இப்படித் தண்ணி பட்டா இது எப்படி ஆறும்?"

"நானும் கேள்விப்பட்டிருக்கேம்மா, நோவாளிக்குச் சலுகை இருக்குன்னு. ஆனா அது தண்ணி பட்டா துடிக்கிறவங்களுக்கு. எனக்குத்தான் வலிக்கவே இல்லையே. வலிக்காத காலை வச்சுகிட்டு அல்லாகிட்ட சலுகை கேக்குறது நியாயமா?"

அவர் ஏமாற்றவில்லை. நியாயம் பார்த்திருக்கிறார். அதுதான் வினோலியாவை இன்னும் கலக்கியது. "வலிக்காததுதான் பாய் உங்க நோவு. சர்க்கரை உங்க கால் நரம்பைச் சாகடிச்சிருச்சு. நெருப்பை மிதிச்சாலும் தெரியாது. இந்தக் காலை நீங்க பாத்திருக்கீங்களா?"

"உள்ளங்காலை எவன் பாத்தான்?"

தினமும் டாக்டருக்கு அனுப்புவதற்காக அவள் செல்போனில் எடுத்து வைத்திருந்த படம் இருந்தது. அதைப் பெரிதாக்கி அவர் கையில் கொடுத்தாள். ரஹ்மத்துல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இளவட்டத்திலிருந்து ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் தடவிப் பார்த்தே தரம் சொன்னவர். படத்தை அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார். நெற்றி சுருங்கியது.

"இது ஊறிப்போன தோலும்மா. ஓரம் செத்துருச்சு. உப்புப் போட்ட தோலுல மழைத்தண்ணி புகுந்தா இப்படித்தான் ஆகும். எவன் கொண்டாந்தாலும் வண்டியோட திருப்பி அனுப்பிருவேன்" என்றார். சொல்லிவிட்டு செல்போனைக் கண்ணுக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனார். "யா அல்லா, இது என் காலா?"

"உங்க காலுதான் பாய்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. "தொழுகையை எப்படிம்மா விடுறது? ஒளு கூடலைன்னா தொழுகை கூடாது. காலா, தொழுகையான்னா நான் என்னத்தைச் சொல்ல?"

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிற வினோலியா, ஒளுவின் சட்டத்தை எங்கே கண்டாள்? "யாருகிட்டக் கேட்டா நீங்க ஒத்துக்குவீங்க?" என்று மட்டும் கேட்டாள். கமர்ஜஹான் முந்திக்கொண்டு, "ரஃபீக் ஹஸ்ரத்" என்றார்.

தொழுகை முடிந்ததும் அஸ்பாக் பைக்கில் ஹஸ்ரத்தை ஏற்றி வந்தான். பள்ளிவாசல் இமாமான முகமது ரஃபீக் ஹஸ்ரத் குண்டான, சிரித்த முகக்காரர். விஷயத்தைக் கேட்டதும், "ஏம் பாய், அடுத்த தெருவுல இருக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்குறதுக்கு என்ன? இம்புட்டு நாளும் மார்க்கத் தீர்ப்பு, பத்வா எல்லாம் நீங்களே குடுத்துகிட்டீங்களாக்கும்?" என்று முதலில் ஒரு குட்டு வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"வலிக்குதா வலிக்கலையாங்கிறது கணக்கு இல்ல. தண்ணி பட்டா கெடுதி வருமாங்கிறதுதான் கணக்கு. கெடுதி வரும்னு வைத்தியம் தெரிஞ்ச, நம்பிக்கையான ஆளு சொன்னா, அந்த இடத்தைக் கழுவக் கூடாது. மத்த உறுப்பை எல்லாம் கழுவிட்டு, கட்டு மேல ஈரக்கையால ஒரு தடவு. ஒளு கூடிருச்சு."

ரஹ்மத்துல்லா யோசித்தார். "அப்ப டாக்டருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோமா?"

"டாக்டரு மாசத்துக்கு ஒருக்கா பாக்குறவரு. இந்தக் காலைத் தினமும் பாக்குறது யாரு?" ஹஸ்ரத் திரும்பி வினோலியாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. தண்ணி பட்டா கெடுதியா, இல்லையா? நீங்க சொல்றதுதான் இவருக்குச் சட்டம்."

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். "டாக்டர் சாரைக் கேட்டுச் சொல்றேன்" என்ற வாக்கியம் தானாக நாக்கு நுனிக்கு வந்தது. வார்டில் எத்தனை ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம். விடை தெரிந்தபோதும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். அதுதான் முறை என்று இருந்தது. இன்றைக்கு அதை விழுங்கினாள்.

"ஒரு சொட்டுத் தண்ணி கூடப் படக் கூடாது, பாய். பட்டா கால் போயிரும். நான் சொல்றேன்."

"சரி" என்றார் ரஹ்மத்துல்லா. சிஸ்டர் என்ற ஒட்டு இல்லாத, வெறும் சரி. அவள் அந்த வீட்டில் கேட்ட முதல் உண்மையான சரி அதுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு வலது காலில் கட்டு மேல் ஈரக்கை மட்டும் பட்டது. மறுநாளிலிருந்து அந்த வீட்டில் வேறு நடைமுறை. கமர்ஜஹான் கதவுக்கு வெளியே இல்லை. வினோலியாவுக்கு எதிரே உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டார். கட்டுச் சுற்றுவது அவர் வேலையாகவே ஆகிவிட்டது. "என்னையவிட நல்லாக் கட்டுறீங்க, நான் எதுக்கு வீம்பு பண்ணணும்?" என்று வினோலியா விட்டுக்கொடுத்தாள். தரைவிரிப்பை மட்டும் திரும்ப விரிக்க விடவில்லை. கால் தடுக்கும் என்று காரணம் சொன்னாள், அதைக் கமர்ஜஹானும் ஏற்றுக்கொண்டார். அத்தர் பாட்டில்கள் பழைய இடத்துக்கு வந்தன. டீ கட்டாயம் ஆனது. ஷைனியின் ஆபீஸ் விதியில் அதற்கு இடமில்லை. விதியைப் போட்ட ஷைனியே ஒரு நாள் மேற்பார்வைக்கு வந்து இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனாள்.

ரஹ்மத்துல்லாவோ தன் காலுக்குத் தானே தரகர் ஆகிவிட்டார். தினமும் கட்டுப் பிரித்ததும் படம் எடுத்துக் காட்ட வேண்டும். "இன்னைக்கும் கழிவுதான்" என்பார். சில நாள் கழித்து, "ஓரம் இறுகுது, மூணாம் தரம்னு வச்சுக்கலாம்" என்றார். வெள்ளை மறைந்து இளஞ்சிவப்பு ஏறிய நாளில் படத்தை மண்டிக்கு அனுப்பி, அஸ்பாக்கிடம் விலை கேட்டார். "அத்தா, இதை விக்கிறதா இருந்தா உங்களையும் சேத்துல்ல குடுக்கணும்" என்று அவன் பதில் அனுப்ப, வீடே சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாக எல்லாருக்கும் உள்ளே பயமும் இருந்தது. டாக்டரிடம் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நாள் காலையில் வினோலியா மேட்டுப்பட்டி கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். பேகம்பூரில் கமர்ஜஹான் நோன்பு பிடித்திருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்தார், அழுத்திப் பார்த்தார், சிறு குச்சியால் ஆழம் பார்த்தார். ஆழம் என்று ஒன்றும் இல்லை. புண் இருந்த இடத்தில் புதுத்தோல் மினுமினுவென்று மூடியிருந்தது. நடுவில் ஒரு பொட்டு அளவுதான் பாக்கி. "வெட்டுறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். கமர்ஜஹான் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். வினோலியாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வார்டு சிஸ்டராக இருந்த காலத்தில் அழுகிற நர்ஸுகளை எப்படி அதட்டியிருக்கிறாள் என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது. ரஹ்மத்துல்லா மட்டும் டாக்டரிடம், "முதல் தரமா சார்?" என்று கேட்டார். டாக்டர் புரியாமல், "நல்ல தரம்தான் பாய்" என்றார்.

பாக்கி இருந்த பொட்டும் மூடிய பிறகு, ஒரு காலையில் வினோலியா கட்டைப் பிரித்தாள், பார்த்தாள், திரும்பக் கட்டவில்லை. கட்ட வேண்டிய அவசியமே இல்லை. கையுறை டப்பாவையும் மருந்துத் தட்டையும் பையில் எடுத்து வைத்தாள். ரஹ்மத்துல்லா தன் வெறும் காலைத் தரையில் மெல்ல வைத்துப் பார்த்துக்கொண்டே, "ஆஸ்பத்திரின்னா எங்களை டிஸ்சார்ஜ் பண்ணுவீங்க. இங்க உங்களைத்தான் நாங்க டிஸ்சார்ஜ் பண்ணணும் போலருக்கு" என்றார்.

வாசல் வரைக்கும் எல்லாரும் வந்தார்கள். அவர் வாக்கர் இல்லாமல், டாக்டர் சொன்ன மெத்தைச் செருப்பில், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வினோலியா பையை ஸ்கூட்டியில் மாட்டினாள். இப்போது ஒரு சிக்கல் வந்தது. கிளம்புகிறவரைப் பார்த்து நம் பக்கத்தில் யாரும் "போங்க" என்று சொல்லமாட்டார்கள், "போயிட்டு வாங்க" என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் நோயாளி மட்டும் நர்ஸிடம் "போயிட்டு வாரேன்" என்று வாய் தவறிக்கூடச் சொல்லமாட்டான். திரும்பி வருவது நோவோடுதானே. பதினெட்டு வருஷமாக வினோலியாவிடம் யாருமே அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. தலையை ஆட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். நர்ஸும் அதைத்தான் விரும்ப வேண்டும்.

கமர்ஜஹானும் வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நர்ஸைப் பார்த்து "போயிட்டு வாங்க" என்று சொன்னால் புண்ணைக் கூப்பிட்ட மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் பெற்ற பிள்ளை மாதிரி வந்து போனவளை விரட்டிய மாதிரி ஆகும். பாவம், அவர் உதடு இரண்டு தடவை அசைந்து நின்றது. வினோலியாவுக்கு அது புரிந்தது. பழகிப்போன விஷயம் என்று ஒரு சிரிப்பைச் சிரித்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டு, வண்டியைக் கிளப்பப் போனாள்.

கமர்ஜஹான் விறுவிறுவென்று படியிறங்கி வந்து ஸ்கூட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"வினோலியாம்மா, நோவுக்கு நீங்க இந்த வாசப்படியை மிதிக்கவே வேணாம். பெருநாளைக்கு வாங்க. வீட்டுக்காரரையும் கூட்டிகிட்டு வாங்க. இப்ப சொல்லுங்க, எங்கிட்டச் சொல்லிகிட்டுப் போங்க."

வினோலியா கைப்பிடி மேலிருந்த அவர் கையைத் தன் கையால் பிடித்துக்கொண்டாள்.

"போயிட்டு வாரேம்மா" என்றாள்.